தோற்பதற்கு ஓர் ஆள்

எங்கள் தேயிலை எஸ்டேட் யூனியனில் தேர்தல் என்றால் கைதட்டல். காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்பும் மஸ்டர் ஷெட்டில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் கூட்டுவார்கள். செயலாளர் ஒரு தாளைப் பிரித்து, புதிய கமிட்டியின் பெயர்களை வாசிப்பார். புதிய கமிட்டி என்றால் பழைய கமிட்டிதான், செத்துப்போனவர்கள் மட்டும் நீங்கலாக. வாசித்து முடித்ததும் முன்வரிசையில் ஒருவர் கை தட்டுவார். அதற்காகவே முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்டவர் அவர். பிறகு எல்லோரும் தட்டுவோம். "ஐககண்ட்யேன" என்பார் செயலாளர். ஏகமனதாக என்பதற்கு மலையாளம். அவரும் எங்களைப் போல மூன்று தலைமுறைக்கு முன் திருநெல்வேலியிலிருந்து மலை ஏறிய குடும்பம்தான். ஆனால் பதவி சம்பந்தப்பட்ட சொற்கள் அவர் வாயில் மலையாளமாகத்தான் வரும். கோபம் வந்தால் தமிழ்.

கொழுந்து பறிப்பவர்கள் அநேகமாக எல்லோரும் பெண்கள். கமிட்டியில் எல்லோரும் ஆண்கள். பெண்களின் முன்னேற்றத்தைப் பற்றி அவர்கள் பேசாத மாதம் கிடையாது. அடுத்த மலையில் இருக்கும் சின்னக்கானல் வரைக்கும் போய்க்கூடப் பேசியிருக்கிறார்கள். பேசாமல் விட்டது ஒன்றுதான். மலைக்காட்டில் எங்கள் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. காலையில் ஏறினால் மாலையில் எடை போட்டு முடியும்வரை ஒதுங்குவதற்குத் தேயிலைச் செடிதான், அதுவும் இடுப்பளவு. இரண்டு பேர் குடை பிடிக்க வேண்டும், ஒருத்தி யானை வருகிறதா என்று பார்க்க வேண்டும், இன்னொருத்தி சூப்பர்வைசர் வருகிறாரா என்று பார்க்க வேண்டும். இவ்வளவு ஏற்பாடு செய்ய யாருக்கு நேரம்? ஆகவே தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். அம்மாவுக்கு நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வருடத்தில் அது மூன்றாவது முறை. சிறுநீரகம் கெட்டுவிடும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

இந்த விஷயம் ஒவ்வொரு வருடமும் மேனேஜரோடு நடக்கும் பேச்சுவார்த்தையில் கடைசி இனமாக இருந்தது. கடைசி இனம் வருவதற்குள் சாயா வந்துவிடும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கல்லூரி முடித்த முதல் ஆளும் நான். அரசியல் அறிவியலில் எம்.ஏ. ஆசியாவில் ஜனநாயகத்தின் நிலை என்று ஒரு பாடமே உண்டு. எந்த நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, எந்த நாட்டில் ஒரே கட்சி எப்போதும் ஜெயிக்கிறது, எங்கே அப்பாவுக்குப் பிறகு மகன் வருகிறான் என்றெல்லாம் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். எங்கள் யூனியனைப் பற்றிக் கேள்வி வரவில்லை.

போன வருடம் மழை விட்ட சமயத்தில் செயலாளரின் ஜீப், எங்கள் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்துக்கு முன்னால் வந்து நின்றது. ஓட்டுக் கேட்கும் காலமாக இல்லாததால் அம்மா பயந்துவிட்டாள்.

"மோளே, கொச்சியில ஒரு பெரிய மாநாடு. ஆசியாவுல முற்போக்கு அரசியல், ஜனநாயகம், அப்படி. அதுலேருந்து வெளிநாட்டு ஆளுக ஆறேழு பேரு நம்ம எஸ்டேட்டப் பாக்க வாராக. நீதான் மொழிபெயர்க்கணும். இங்கிலீஷ் எம்.ஏ.தான நீ?"

"பொலிட்டிக்கல் சயின்ஸ், அண்ணாச்சி."

"அது அதவிட நல்லது." திண்டாடுபவர்போல நெற்றியைத் தடவினார். "ஒரு சங்கடம். நம்ம கமிட்டித் தேர்தல் எப்படி நடக்குன்னு அவுகளுக்குப் பாக்கணுமாம். கைதட்டிக் காட்டுதோம்னேன். வேண்டாமாம். கைதட்டுறத அவுகவுக நாட்டுலயே நெறயப் பாத்துட்டாகளாம். ஓட்டுப் போடணுமாம்."

"போட்டுட்டாப் போச்சு."

"பெட்டி, சீட்டுன்னு வச்சா எண்ணணும். எண்ணி முடிக்கதுக்குள்ள மஞ்சு எறங்கிரும், வீடியோ எடுக்க முடியாது. அதனால ஆளுக்குப் பின்னால வரிசையா நிப்போம். பாக்கதுக்கும் லட்சணமா இருக்கும். எதிர்த்து நிக்கதுக்குத்தான் ஒரு ஆளு வேணும். பொம்பளையா இருந்தா முற்போக்காத் தெரியும்."

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "நான் வேணா நிக்கட்டா?"

"நீங்க வேண்டாங்க்கா. பாவம்னு நாலு பேரு உங்க பின்னால வந்துருவாக." கொஞ்சம் யோசித்தார். முகம் மலர்ந்தது. "குழாயடிக்காரி!"

குழாயடிக்காரி என்று அவர் சொன்னது எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் அத்தையை. உறவில் அத்தை இல்லை, வயதில் அத்தை. லயத்தில் அவளோடு சண்டை போடாதவர்கள் யாரும் கிடையாது. குடத்தை நகர்த்தினால் சண்டை, நகர்த்தாவிட்டால் அதற்கும் சண்டை. பஸ் கண்டக்டரிடம் சில்லறைக்காகப் பஸ்ஸையே நிறுத்தியவள். எடை போடும்போது தராசுத் தட்டை அடியில் விரலால் தாங்கி எடையைக் குறைத்த சூப்பர்வைசரின் கையைத் தட்டிவிட்டு, "ஒன் வெரலுக்கும் சேத்தா நான் பறிச்சேன்?" என்று கேட்டவள். அம்மாவுக்கும் அவளுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. எதிர்ப்பதற்கு இப்படி ஓர் ஆள் கிடைத்தால் எந்தத் தலைவருக்குத்தான் கசக்கும்?

செயலாளர் நேரே அவள் வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"நீ நிக்கணும், தோக்கணும், எனக்குக் கை கொடுக்கணும். அவ்வளவுதான் வேல."

"தோத்தா என்ன தருவீக?"

"சாயாவும் வடையும்."

"ரெண்டு வடை" என்றாள் அத்தை.

விருந்தினர்கள் வந்த நாளில் எங்கள் மஸ்டர் ஷெட்டுக்கு வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஒரு வேனிலிருந்து குடைகளோடு இறங்கினார்கள். எப்போதும் ஒரே கட்சி ஜெயிக்கும் நாட்டுக்காரர் ஒருவர், பார்க்கிற எதையும் படம் எடுத்தார், எங்கள் குப்பைத்தொட்டி உட்பட. அப்பாவிடமிருந்து மகனுக்கு ஆட்சி போன நாட்டுப் பேராசிரியர் ஒருவர், தேயிலைத்தூள் எங்கே மலிவு என்று கேட்டார். மியான்மரிலிருந்து வந்த ஒரு பெண், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், எதையும் படம் எடுக்கவில்லை. அவளால் ஊர் திரும்ப முடியாது என்று வேனில் கூட வந்தவர் சொன்னார்.

செயலாளர் பேச ஆரம்பித்தார். எந்தத் தமிழ்ப் பேச்சாளருக்கும் ஜனநாயகம் என்றதும் குடவோலை ஞாபகத்துக்கு வந்துவிடும். இவருக்கும் வந்தது. அங்கிருந்து புறப்பட்டு உலகத்தின் எல்லாப் புரட்சிகளையும் சுற்றிவிட்டு, மலையாளத்தில் நடுவில் ஒரு கவிதையும் சொல்லி, மஸ்டர் ஷெட்டுக்குத் திரும்பினார். நான் அதை நாலு வாக்கியத்தில் மொழிபெயர்த்தேன். 'அவ்வளவுதானா?' என்று பார்த்தார். இங்கிலீஷ் சிக்கனமான பாஷை என்றேன்.

பிறகு செயலாளர் ஒரு பக்கம் நின்றார், அத்தை ஒரு பக்கம் நின்றாள். கமிட்டிக்காரர்களும் மற்ற ஆண்களும் சட்டென்று செயலாளரின் பின்னால் போய் நின்றார்கள். பெண்கள் அசையவில்லை. செயலாளர் சிரித்துக்கொண்டே கண்ணைக் காட்டினார். வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் அவரால் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. அது எனக்குப் புரிந்த அதே நேரத்தில் அம்மாவுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

அம்மா இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் படுதாவை உதறிச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டாள். நடந்துபோய் அத்தையின் பின்னால் நின்றாள்.

அத்தை திரும்பிப் பார்த்தாள். "நீ எதுக்குட்டி இங்க வந்த?"

"உங்கிட்ட எனக்குப் பேச்சுக் கெடையாது. திரும்பி நில்லு."

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். குடத்துக்காகச் சண்டை போட்டவள் வந்தாள், கோழிக்காகச் சண்டை போட்டவள் வந்தாள், மகனின் கல்யாணத்தில் பந்தியை விட்டு எழுந்து போகும் அளவுக்கு அத்தையிடம் ஏச்சு வாங்கியவள்கூட வந்தாள். வரிசை ஷெட்டைத் தாண்டித் தண்ணீர்த்தொட்டி வரைக்கும் போயிற்று. செயலாளரின் மனைவி மட்டும் இரண்டு வரிசைக்கும் நடுவில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கடைசிப் பெண் வந்து நிற்கும்வரை வார் சரியாகவில்லை.

"என்னக்கா, இவ பின்னால போய் எல்லாரும்?" என்று நான் ஒருத்தியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஒரு கொடம் தண்ணிக்கே நம்மள இந்தப் பாடு படுத்துறா. இவள மேனேஜர்கிட்ட அவுத்து விட்டுப் பாக்கணும்ல?"

விருந்தினர்கள் கைதட்டினார்கள். பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. செயலாளரும் கைதட்டினார், வேறு என்ன செய்வார்? மியான்மர்ப் பெண் மட்டும் தட்டவில்லை. என்னருகில் வந்து, "தோற்றவர் வீட்டுக்குப் போய்விடுவாரா?" என்று கேட்டாள். "எங்கள் நாட்டில் தேர்தல் ஒழுங்காகத்தான் நடந்தது. தோற்றவர்கள் வீட்டுக்குப் போகவில்லை."

எம்.ஏ.வில் நான் படித்த பாடம் முழுவதையும் இவள் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டாள். செயலாளரிடம் அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

அவர் கையை அகல விரித்தார். "நம்ம பாரம்பரியத்துல ஜெயமும் தோல்வியும் ஒண்ணுதான்னு சொல்லு. எல்லாம் கூட்டுத் தலைமை."

"போய்விடுவாராம்" என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். எல்லோரும் மறுபடியும் கைதட்டினார்கள். செயலாளர் தலைகுனிந்து வணங்கினார்.

வேன் வளைவில் மறைந்ததும் செயலாளர் சால்வையை மடித்தார். "எல்லாரும் நல்லா நடிச்சீக. வடை இருக்கு, சாப்பிட்டுட்டுப் போங்க. அடுத்த மாசம் முறையாக் கூடி, கமிட்டிப் பேரெல்லாம் வாசிச்சு முடிச்சுருவோம்."

"நடிச்சமா?" அத்தையின் குரல் ஷெட்டின் தகரத்தில் மோதித் திரும்பியது. "கால் கடுக்க நின்னது நடிப்பா? அப்ப ஒங்க பின்னால நின்ன நாலு ஆம்பளையும் நடிச்சாகளா?"

"அது ஒரு டெமோ, தாயி."

"என்ன எழவோ இருக்கட்டும். மேனேஜர்கிட்டப் பேசப் போற அன்னைக்கு நானும் வருவேன்."

மியான்மர் ராணுவத்தைப் போல எங்கள் செயலாளரிடம் டாங்கி கிடையாது. ஜீப் இருந்தது. அதில் ஏறி மேல்கமிட்டியிடம் போனார். எங்கள் மாதிரி முற்போக்கு அமைப்புகளில் ஜனநாயகம் மேலே உற்பத்தியாகிக் கீழே இறங்கும், மழையைப் போல. மேல்கமிட்டி இரண்டு வாரம் கூடிப் பேசியது. தேர்தல் செல்லாது என்று சொன்னால் கொச்சியிலிருந்து வந்து கைதட்டியவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், அந்த வீடியோவை மேல்கமிட்டியே பெருமையாக நாலு பேருக்கு அனுப்பியிருந்தது. செல்லும் என்று சொன்னால் மற்ற எஸ்டேட் பெண்களும் வரிசையில் நிற்கத் தொடங்கிவிடுவார்கள். கடைசியில் ஒரு முடிவு இறங்கி வந்தது. செயலாளர் செயலாளராகவே இருப்பார். அத்தை கமிட்டியில் 'க்ஷணிதாவு', அதாவது அழைப்பாளர். கூட்டத்துக்கு வரலாம், பேசலாம், ஓட்டுப் போட முடியாது.

இது மோசடி, ஒத்துக்கொள்ளக் கூடாது என்று அத்தையிடம் போய் அரைமணி நேரம் பேசினேன். அவள் துணி அலசிக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கமிட்டியில இதுவரைக்கும் ஓட்டுப் போட்டிருக்காகளா?"

"இல்ல."

"பெறகு எனக்கு என்னட்டி நட்டம்? பேசலாம்னு சொல்லிட்டாகல்ல."

பேச்சுவார்த்தை நடந்த அன்று பெண்கள் யாரும் மலை ஏறவில்லை. மேனேஜர் ஆபீஸுக்குக் கீழே சரிவில் உட்கார்ந்துகொண்டார்கள். நானும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது. அத்தையின் குரலுக்கு ஜன்னல் ஒரு பொருட்டில்லை. போனஸ் விஷயத்தைச் செயலாளர் தொடங்குவதற்கு முன்பே அவள் கடைசி இனத்தைத் தொடங்கிவிட்டாள். மேனேஜர் மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். காசில்லை என்றிருப்பார். பிறகு அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது, கட்டினாலும் யானை வந்து இடித்துவிடும் என்று.

"ஆனை இடிச்சா ஆனைகிட்ட நாங்க பேசிக்கிடுதோம்! நீங்க கட்டுங்க!"

சரிவில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் செயலாளர் ஜன்னலைத் திறந்து எங்களை அதட்டினார். அது தப்பாகப் போயிற்று. மேனேஜர் எழுந்து வந்து ஜன்னல் வழியே பார்த்தார். அத்தனை பெண்களும் உட்கார்ந்திருக்கிறார்கள், கொழுந்து செடியில் முற்றிக்கொண்டிருக்கிறது. அவர் யாருடைய ஜனநாயகத்தைப் பற்றியும் கவலைப்படுகிறவர் இல்லை. கொழுந்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்.

இரண்டு மாதத்தில் மலைமேல் இரண்டு கழிப்பறை எழும்பின. சிமெண்டுச் சுவர், தகரக் கதவு, ஒரு தண்ணீர்த்தொட்டி. யூனியனின் இடைவிடாத போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி என்று பேனர் கட்டியிருந்தார்கள். பேனரில் செயலாளரின் படம் கதவைவிடப் பெரிது. திறப்பு விழாவுக்குப் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்தும் ஜீப்புகள் வந்தன. கதவுகளுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். செயலாளர் மைக்கைப் பிடித்தார். குடவோலையிலிருந்து தொடங்கினார்.

புரட்சிகளில் அவர் மூன்றாவதைத் தொட்டபோது, அம்மா தொட்டியோரம் இருந்த வாளியை நிரப்பி அத்தையிடம் நீட்டினாள், ஒரு வார்த்தை பேசாமல். அத்தையும் பேசாமல் வாங்கிக்கொண்டாள். நேரே நடந்து செயலாளரைத் தாண்டிப் போய், ரிப்பனை ஒரு கையால் தூக்கிவிட்டுக் குனிந்து உள்ளே நுழைந்தாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் மைக்கிலேயே கேட்டது. செயலாளர் ஒரு கணம் நிறுத்தினார். உள்ளேயிருந்து தண்ணீர் விழும் ஓசை வந்தது. கைதட்டுவதற்கென்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் எதற்குத் தட்டுவது என்று தெரியாமல், பழக்க தோஷத்தில் தட்டிவிட்டார்.