பாலு என்று சொன்னேன்

எனக்கு மலாய் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. செமிலிங் கடைத்தெருவில் மீன்காரரிடம் பேரம் பேசி, அவரைக் கோபப்படுத்தி, பிறகு சிரிக்கவும் வைத்துவிட்டு வருகிறவள் நான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்துவிட்டால் போதும், வாயிலிருக்கிற மலாய் அவ்வளவும் எங்கேயோ ஓடிப்போய்விடும். அந்தக் குணத்தால் ஒரு தடவை வீட்டையும் வீட்டுக்காரரையும் சேர்த்தே இழக்கப் பார்த்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. இரண்டு பேருக்கும் ஒரே தோட்டத்தில் வேலை. அவர் ஸ்டோரில் இருந்தார், நான் பால் வெட்டினேன். ரப்பர் மரத்தைக் கீறினால் வடிகிறதே, அதைத்தான் பால் என்போம். மரம் பால் மரம், வாளி பால் வாளி. என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால் ‘பாலு’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோம், தோட்டத்தில் அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

நாங்கள் இருந்த லயத்து வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடு, வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போய்விடும். எதிர் லயத்தில் ஒரு குடும்பம் வயதாகி வேலையை விட்டதும் சட்டி பானையோடு வெளியே நின்றதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. பட்டணத்துப் பக்கம் மலிவு வீடு கட்டப்போகிறார்கள், மனு கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டதும் அவரை நச்சரிக்க ஆரம்பித்தேன். அவருக்கோ தோட்டத்தை விட்டுப் போக மனசே இல்லை.

“உனக்கு அவ்வளவு ஆசைன்னா நீயே போய் எழுதிக் குடுத்துட்டு வா,” என்றார். சரிதான் போங்க என்று மறுநாள் லீவு போட்டு நானே பட்டணத்து ஆபீசுக்குப் போனேன்.

மனு எழுதியவர் ஒரு மலாய் அம்மா. மூக்கு நுனியில் கண்ணாடி. எனக்குப் பின்னால் நீளமான வரிசை. அவர் எங்கள் கெடா மாநிலத்துக்காரர்களுக்கே உரிய வேகத்தில், “லாக்கி அடா? கெர்ஜா அபா?” என்றார். புருசன் இருக்கிறாரா, என்ன வேலை என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். என் காதில் ஏறியது கெர்ஜா, வேலை, அது ஒன்றுதான். பால் வெட்டுகிறதை மலாயில் பொத்தோங் கெத்தா என்று சொல்லியிருக்க வேண்டும். அது தெரியாதவளா நான்? என் மகளுக்கே தெரியும். ஆனால் வாயில் வந்தது, “பாலு.”

அந்தம்மா எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். “பாலு?” என்றார், மெதுவாக.

“பாலு, பாலு,” என்று தலையாட்டினேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். “டுவா பெலாஸ் தாஹுன்,” என்று வேறு சேர்த்தேன். பன்னிரண்டு வருசமாக வெட்டுகிறேன் என்று பெருமை.

“கெசியான்,” என்றார் அந்தம்மா, ஐயோ பாவம் என்று. பிள்ளைகள் எத்தனை, வயது என்ன என்று கேட்டார். சின்னவளுக்கு ஐந்து வயது என்றதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை, தாளில் எதையோ எழுதி, தனியாக இருந்த ஒரு தாள்கட்டுக்குள் வைத்தார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பால் வெட்டுகிறவள் கஷ்டம் புரிந்த மனுசி ஒருத்தியாவது இருக்கிறாளே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும், “என் நிலைமையக் கேட்டு அந்தம்மா அப்படி இரக்கப்பட்டாங்க. வீடு சீக்கிரம் வந்துரும் பாருங்க,” என்று அவரிடம் பீற்றிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தோட்டத்துக் கடிதங்கள் ஆபீசுக்குத்தான் வரும். எங்கள் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்குப்பிள்ளை, அதைப் பிரித்துப் படித்து அவரிடம் கொடுத்திருக்கிறார். மனு முன் வரிசைக்குப் போய்விட்டது என்று இருந்ததாம். என் பெயருக்குப் பக்கத்தில் ‘பாலு’ என்று இருந்ததாம். மலாயில் பாலு என்றால் புருசன் செத்தவள். “கைம்பொண்டாட்டிக்கு மொதல்ல வீடு குடுப்பாங்கன்னு தெரிஞ்சிக்கிட்டே எழுதிக் குடுத்திருக்கு. உன் பொண்டாட்டி கெட்டிக்காரிப்பா,” என்று கிராணி சிரித்தாராம். என் வீட்டுக்காரர் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த கதை.

அன்றிலிருந்து மனுசன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். எதுவானாலும் “உங்கம்மாகிட்ட சொல்லு” என்று பிள்ளைகள் வழியாகத்தான். சாப்பிட்ட தட்டை அவரே கழுவினார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாரே, வீட்டுக்கு மனு கொடுத்த கோபம் இப்போதுதான் ஏறியிருக்கிறது போல என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். எனக்கு மட்டும் ரோசம் இல்லையா? நானும் கேட்கவில்லை. ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்துக்கொண்டே நின்று, “இதெல்லாம் இன்னும் எதுக்கு?” என்றார். “ஏன், எனக்கு வயசாயிருச்சா?” என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு, இன்னும் பெரியதாக வைத்தேன்.

ஒன்பது நாள் இப்படிப் போயிற்று. பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் வெளியே விளையாடப் போயிருந்த நேரம், எனக்குப் பொறுமை போய்விட்டது. “வீடு வேணாம்னா வேணாம்னு சொல்லித் தொலைங்க. வாயில கொழுக்கட்டையா?” என்றேன்.

அவர் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். “இத நீதான் சொன்னியா?”

நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள், மலாயை ஆங்கில எழுத்தில் எழுதுகிற ரூமியைக் கூட்டிப் படிப்பேன். பி, ஏ, எல், யூ. “ஆமா, பாலு. நான்தான் சொன்னேன். கேட்டாங்க, சொன்னேன். இதுல என்ன இருக்கு?”

“மனசறிஞ்சுதான் சொன்னியா?”

“பன்னெண்டு வருசமா உள்ளதச் சொல்றதுக்கு மனசறியறது என்னங்க?”

எங்களுக்குக் கல்யாணமாகியும் அப்போது பன்னிரண்டு வருசம்தான். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. “பன்னெண்டு வருசமாவா?” என்றார். “அப்ப நான் யாரு புள்ள? உனக்கு நான் செத்தவனா?”

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. “பால் வெட்டறதுக்கும் நீங்க சாகறதுக்கும் என்னங்க சம்பந்தம்?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “பால் வெட்டறதா?”

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. அவர் கிராணி சொன்னதைச் சொன்னார், நான் அந்தம்மா கேட்டதைச் சொன்னேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்ததும் பொல்லாத கோபம் வந்தது. வீட்டுக்காகப் புருசனைச் சாகடிக்கிறவள் என்று என்னை இவர் எப்படி நம்பினார்? ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமே. அவரை அரைமணி நேரம் திட்டினேன். நானும்தான் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது திட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சாயங்காலம் அவருக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல் வைத்தேன்.

மறுவாரம் இரண்டு பேருமாகப் போனோம். அந்தம்மாவுக்கு என்னை நன்றாக நினைவிருந்தது. பக்கத்தில் நின்றவரைக் காட்டி நான் தட்டுத்தடுமாறி விளக்கியதும், வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, ஒரு விசயம் சொன்னார். மாற்றுவதென்றால் பழைய மனு செல்லாது. புது மனு போட வேண்டும், வரிசையில் கடைசிக்குப் போய்விடும். எத்தனை வருசமாகும் என்று சொல்ல முடியாது.

நான் வாய் திறப்பதற்குள் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். “விடு புள்ள. அப்படியே இருக்கட்டும்,” என்றார், தமிழில், மெதுவாக. “பேப்பர்லதானே. உனக்கு வீடு வேணும்ல. நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. மேசை, பேனா, பின்னால் நிற்கிற வரிசை எதுவும் கண்ணில் படவில்லை. “லாக்கி சாயா ஹீடுப்,” என்றேன், ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி. என் புருசன் உயிரோடு இருக்கிறார். “துக்கார்,” மாற்றுங்கள். அந்தம்மா மறுபேச்சுப் பேசாமல் புதுத் தாளை எடுத்தார்.

வீடு வந்துசேர அதற்கப்புறம் ஐந்து வருசமாயிற்று. ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. வருமா வராதா என்றே தெரியாமல்தான் பஸ் ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும் அவர், “அவசரப்பட்டுட்டியே. இனிமே ரொம்ப நாளாகும் போலருக்கே,” என்றார்.

“ஆகட்டும்,” என்றேன். “நீங்க இருங்க.”