என் விரலடியில் ஒரு நாடி

எண்பதுகளில் ஒரு நாள் காலை, சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மாரடைப்பு என்று சொல்லி, வலிக்கு ஊசி போட்டார்.

"திருநெல்வேலிக்குக் கொண்டு போயிருதோம்மா" என்றேன்.

"இப்ப அசைச்சா ஆபத்து. துடிப்பைக் கவனிக்க இங்க மெஷினும் இல்லை. நீங்கதான் கவனிக்கணும்."

என் விரல்களை என் கணவரின் மணிக்கட்டில் வைத்து, நாடியைக் காட்டிக்கொடுத்தார். "இது மெதுவானா உடனே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் பிரசவம் பார்க்கப் போனார்.

மதியம் துடிப்பு தயங்கித் தயங்கி வந்தது. அவர் முகமோ தூங்குவதுபோல அமைதியாக இருந்தது.

"டாக்டரம்மா, கொறையுது! ஓடி வாங்க!"

அவர் ஓடி வந்து வேறோர் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் துடிப்பு சீராக ஏறி வந்தது.

கண் விழித்த என் கணவர், "ஏட்டி, எல்லாரும் பாக்காவ, கைய விடு" என்றார்.

"பாத்தா பாக்கட்டும்" என்றேன்.

அவர் உடம்பு தேறி வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் வாசலோரம் நின்று அழுவதுதான் நம் வேலை என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது யாருக்குத் துணையாகப் போனாலும், நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன்.