‘இல்லை’ என்பதற்கு ஒரு பக்கம்

நான் எழுதியவற்றில், யாரோ ஒருவர் ஒரு வரி விடாமல் வாசித்தார் என்று சத்தியம் பண்ணிச் சொல்லக்கூடியது ஒரு கையேடுதான். கணினியில் ஒரு மென்பொருளை எப்படி நிறுவுவது என்று சொல்லும் கையேடு. என் கவிதைகளுக்குக்கூட அந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை.

போர் முடிந்த அடுத்த வருடம். மட்டக்களப்பு நகரில் ஒரு சின்ன உதவி நிறுவனத்தில் எனக்குக் கணினி வேலை. வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமங்களின் மாதர் சங்கங்களுக்குத் தலா ஒரு கணினி கொடுத்திருந்தோம், மேலே ஒரு குட்டிக் காமிராவும் வைத்து. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு முகம் பார்த்துக் கதைப்பதற்கான மென்பொருளைச் சங்கத்துப் பெண்கள் தாங்களாகவே நிறுவிக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். அதற்கென்று வந்த ஆங்கிலக் கையேட்டை எழுதிய புண்ணியவான் ‘இலகுவாக’ என்ற சொல்லை அள்ளி இறைத்திருந்தார். இலகுவாகத் தரவிறக்குங்கள், இலகுவாகத் திறவுங்கள். அவ்வளவு இலகு என்றால் கையேடு எதற்கு? அந்தச் சொல்லை ஒன்றுவிடாமல் பிடுங்கி எறிந்துவிட்டு, தமிழில் நானே புதிதாக எழுதினேன். திரையில் வரும் ஆங்கிலத்தைப் படமாகப் போட்டுத் தமிழில் பொருள் எழுதினேன், சிவப்பில் அம்புக்குறி போட்டேன். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் என்று அலுவலகம் முழுக்கப் பீற்றித் திரிந்தேன்.

கையேட்டைச் சோதித்துப் பார்க்கப் பழுகாமத்துப் பக்கம் ஒரு சங்கத்துக்குப் போனேன். அங்கே ஒரு மாமி. ஐம்பது வயதிருக்கும், சொந்த ஊர் வாவிக்குக் கிழக்கே கடற்கரை. சுனாமி வீட்டைக் கொண்டுபோனது. மறுவருடம் ஒரே மகள், திரும்ப ஒரு வீடு கட்டவேண்டும் என்று, வளைகுடா நாடொன்றுக்கு வீட்டுவேலைக்குப் போனாள். மாமி வாவியைக் கடந்து தங்கச்சி வீட்டுக்கு வந்தார். வந்த இடத்திலும் ஷெல்லடி, இடம்பெயர்வு, முகாம். எல்லாம் அடங்கியபின் தங்கச்சி வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். இத்தனைக்கும் இடையில் மகளின் குரலைப் போனில் கேட்டதுதான், முகத்தைக் கண்டதில்லை. ஒருதரம் காணவேண்டும். அதற்காகத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் கையேட்டை விரித்தார்.

அவர் முதல் வரியை வாசிக்கத் தொடங்கவே நானும் தொடங்கிவிட்டேன். “அதில்ல மாமி, மேல பாருங்க. அங்க இல்ல, இஞ்சால. நான் என்ன சொல்ல வாறன் எண்டா...”

மாமி எழும்பிப் போனார். வெற்றிலைத் தட்டோடு வந்தார். ஒரு வெற்றிலையில் தாராளமாகப் பாக்கை வைத்து மடித்து என் கையில் திணித்தார்.

“போட்டுக்கொண்டு இரிங்க புள்ள. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில கதைச்சா நான் ஆரைக் கேக்குற, உங்களையா, உங்கட புத்தகத்தையா?”

கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? போட்டேன். இரண்டு நிமிடத்தில் வாய் நிரம்பிவிட்டது. கையேடு எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் இந்த வைத்தியத்தைச் சிபாரிசு செய்கிறேன். பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல முடியாதபோதுதான் நாம் எழுதிய இலட்சணம் தெரியவரும்.

திரையில் ஆங்கிலத்தில் நெடுக எழுதி, அடியில் ‘உடன்படுகிறேன்’, ‘உடன்படவில்லை’ என்று இரண்டு பொத்தான்கள் வந்தன. என் கையேடு அந்த இடத்தில், ‘இனிமேல் என்ன கேட்டாலும் ஆம் என்று அழுத்திக்கொண்டே போங்கள்’ என்று உற்சாகமாகச் சொன்னது. மாமி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“இவ்வளவு எழுதிக் கிடக்கு, வாசிக்காம ஓமெண்டு சொல்லச் சொல்லுறீங்க. எங்கட அண்ணனப் பிடிச்சிக்கொண்டு போன இடத்திலயும் இப்படித்தான் தெரியாத பாசையில ஒரு கடதாசிய நீட்டிக் கையெழுத்து வைக்கச் சொன்னாங்க. வெச்சார்.”

வாயில் வெற்றிலை இருந்ததால் பிறகு என்ன நடந்தது என்று என்னால் கேட்க முடியவில்லை. மாமி உடன்படவில்லை என்று அழுத்தினார். மென்பொருள் மறைந்தது. தலையாலும் கையாலும் நான் ஆடிய கூத்தைப் பார்த்து இரங்கி, இன்னொருதரம் தொடங்கி உடன்பட்டார். அடுத்து அது பெயர் கேட்டது. வேறு யாருடையதோ பெயரைக் கொடுத்தார். பிறந்த நாள் கேட்டது. வாயில் வந்ததைக் கொடுத்தார். இந்த மென்பொருளை இணையத்தோடு தொடர்புகொள்ள விடலாமா என்று கணினி கேட்டது; இல்லை என்றார். எல்லாம் செத்து நின்றது. நான் ஓடிப்போய் வேலியோரம் துப்பிவிட்டு வந்து கத்தினேன்.

“ஏன் மாமி பொய்ப் பேர் குடுத்த நீங்க?”

“கேக்குற ஆக்களுக்கெல்லாம் உள்ளதச் சொல்லித் திரிஞ்சிருந்தா, இண்டைக்கு இந்தக் கதிரையில இரிக்க ஆள் இராது புள்ள.”

கோபம்தான் முதலில் வந்தது, மாமிமேல். பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது அது கையேட்டின்மேல் பாய்ந்தது. பெயர் என்ன, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று அந்தப் பாலத்தடிச் சோதனைச்சாவடியில் எத்தனை வருடம் நானும் வரிசையில் நின்றிருக்கிறேன்! கேட்கிறவன் யார், ஏன் கேட்கிறான் என்று நாம் திருப்பிக் கேட்க முடியாத காலம் அது. அதைத் தாண்டி வந்த சனத்திடம், என்ன கேட்டாலும் ஆம் என்று சொல் என எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் தலையில் நானே குட்டவேண்டும் போலிருந்தது.

திருத்தி எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே, கேட்பது யார், எதற்குக் கேட்கிறது, இல்லை என்றால் என்ன ஆகும் என்று எழுதுவதாகத் திட்டம். அதற்கு முதலில் நான் இல்லை என்று சொல்லிப் பார்க்க வேண்டுமே! ஒரு பின்னேரம் முழுக்க அலுவலகக் கணினிக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் செய்தேன். உடன்படவில்லை, அனுமதி இல்லை, வேண்டாம், முடியாது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று பக்கத்து மேசைக்காரர் நினைத்தார். சொன்னால் என்ன, வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை பார்த்ததில்லை. ஒன்றும் வெடிக்கவில்லை. ‘இல்லை என்றால் கோபிக்காமல் போய்விடும், மறுபடி கூப்பிட்டால் வரும்’ என்று எழுதினேன். பெயர் கேட்கும் இடத்தில், ‘உங்கள் பிள்ளை அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய எந்தப் பெயரும் போதும்’ என்று எழுதினேன். காமிராவுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்தேன். ‘ஆம் என்றால் மறுமுனையில் இருப்பவர் உங்களைக் காண்பார். இல்லை என்றால் காணமாட்டார். அப்போதும் நீங்கள் அவரைக் காணலாம். உங்கள் விருப்பம், காரணம் சொல்லத் தேவையில்லை.’

கடைசி வரி அதிகப்பிரசங்கித்தனம் என்றார் மேலதிகாரி. தலையாட்டிவிட்டு, வெட்டாமலே அச்சுக்குக் கொடுத்தேன்.

அடுத்த தடவை போனது ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் மகள் வேலை செய்யும் வீட்டில் கணினியைக் கொஞ்ச நேரம் அவளுக்கு விடுவார்கள். மாமி புதுக் கையேட்டை வாசித்தார். வாசித்தார், அழுத்தினார், வாசித்தார், அழுத்தினார். ஓரிடத்திலும் தடக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. காமிராப் பக்கம் வந்தது. ஒவ்வொரு வரியாக விரல் வைத்து இரண்டுதரம் வாசித்தார். இல்லை என்று அழுத்தினார்.

“ஐயோ மாமி! அதுக்கு ஓம் எண்டு அழுத்தணும்!”

“வாசிச்சுத்தான் அழுத்தின நான். காரணம் சொல்லத் தேவல்லயெண்டு நீங்கதானே எழுதியிரிக்கீங்க” என்றார். பிறகு மனம் கேட்காமல் அவராகவே சொன்னார். “நல்லாக் கொழுத்திட்டன், ஒரு குறையுமில்லயெண்டுதான் போன் எடுக்குற நேரமெல்லாம் அவளுக்குச் சொல்லியிரிக்கன். இந்தக் கோலத்தக் கண்டாளெண்டா, எல்லாத்தையும் போட்டுட்டு நாளைக்கே வந்து நிப்பாள். ஒப்பந்தம் முடியட்டும்.”

அப்போதுதான் நான் மாமியைச் சரியாகப் பார்த்தேன். முன்பற்கள் இல்லை. தோள் எலும்புகள் சட்டையை முட்டிக்கொண்டு நின்றன. குரல் மட்டும்தான் ஆள் முழுசாக இருப்பதுபோல அதட்டலாக இருந்தது. போனில் அந்தக் குரலைக் கேட்கும் எவளும் நம்பத்தான் செய்வாள்.

கணினி மணி அடித்தது. திரையில் ஒரு முகம் நடுங்கி நடுங்கித் தெளிந்தது. மாமி வாயைப் பொத்திக்கொண்டார். சத்தம் வரவில்லை, கண்ணீர் மட்டும் வழிந்தது.

“அம்மா? உங்களக் காணல்லயே! எனக்குக் கறுப்பாத்தானே கிடக்கு.”

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார். பழைய அதட்டல் வந்துவிட்டது.

“காமிரா வேலை செய்யல்லகா மகள். இந்தப் பொம்புளப் புள்ள எழுதின புத்தகம் ஒண்டும் விளங்குதில்ல. நான் உன்னக் காணுறன், அது போதும். எங்க, கொஞ்சம் திரும்பு பாப்பம். மெலிஞ்சிட்டாய் என்ன?”

நான் வாயைத் திறந்தேன். மாமியின் கை மேசைக்குக் கீழே என் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.

“அந்த அக்கா பக்கத்திலயா நிக்கிறா?” என்றாள் மகள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கறுத்த திரையைப் பார்த்து என்னைத் தேடினாள். “அக்கா, எங்கட அம்மாவப் போல ஆக்களுக்கும் விளங்குற மாதிரி எழுதுறதுக்கென்ன உங்களுக்கு?”

“ஓம் தங்கச்சி, என்ட பிழைதான்” என்றேன். “திருத்துறன்.”