துண்டு வேண்டாம் என்று சண்டை போட்டேன்

ரப்பர் விலை தரைமட்டத்துக்கு விழுந்த சமயம் அது. ருவான்வெல்லைப் பக்கம் நாங்கள் பால் வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்தை மூடிவிட்டார்கள். நாங்கள் குடியிருந்த லயத்தைக் காலி பண்ணச் சொல்லி ஒரு வாரம்தான் தவணை. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

றக்வானைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. போனால் வேலை கிடைக்குமோ கிடைக்காதோ, யார் வீட்டு வாசலில் படுப்போமோ! என் நாத்தனாருக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். அவளுடைய கூறைச்சேலை, வெள்ளிக் கொலுசு, பித்தளை விளக்கு எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. அதைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைய முடியுமா? கடைவீதியில் நாங்கள் அரிசி வாங்கும், நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரிடம் போய் நின்றோம். அவர் மறுபேச்சுப் பேசாமல், கடைக்குப் பின்னாலிருந்த அறையில் வைக்கச் சொன்னார்.

"ஒரு துண்டு எழுதித் தாரன் தங்கச்சி, கைல வெச்சிக்கோங்க" என்றார்.

துண்டு என்றால் எங்கள் ஆட்களுக்கு என்ன தெரியுமா? என் அப்பா காலத்தில் கங்காணி எங்கள் கடனை ஒரு துண்டில் எழுதி அடுத்த தோட்டத்துக் கங்காணியிடம் நீட்டினால், குடும்பத்தோடு கைமாற வேண்டியதுதான். ஆடுமாடு மாதிரி. அப்பா அப்படி மூன்று தோட்டம் மாறினார். சர்க்கார் அந்த முறையை எடுத்துப் பல வருஷம் ஆகியும், அந்தச் சொல் காதில் விழுந்தால் எனக்கு ஆகாது.

"துண்டும் வேணாம் கிண்டும் வேணாம் நானா! எங்கப்பன் பட்டது போதும். பெட்டிய வச்சா வைங்க, இல்லாட்டி தூக்கிட்டுப் போறேன்" என்று கத்திவிட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டுப் பெட்டியை உள்ளே தூக்கிப் போனார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டேன்.

றக்வானையில் எப்படியோ வேலைக்குப் பேர் பதிந்தோம், லயத்தில் குடியிருக்க ஒரு காம்பரா கிடைத்தது. ஒரு வருஷம் ஓடிப்போயிற்று. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு பெட்டியை எடுக்கப் போனேன். கடையில் நானா இல்லை. முன்பின் பார்த்திராத ஒருவர் உட்கார்ந்திருந்தார். நானாவின் மச்சானாம்.

"துண்டு ஈக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"துண்டு இல்லாம எப்படித் தார? உள்ள ஏழு பெட்டி ஈக்கி. நாளைக்கி வேற ஆள் வந்து என்ட பெட்டி எங்கன்னு கேட்டா எந்த வாயால பதில் சொல்ற?"

பூட்டு வாங்க வக்கில்லாமல் நாங்கள் கயிறுதான் கட்டியிருந்தோம். அதனால் காட்டுவதற்குச் சாவியும் இல்லை. உள்ளே கூறைச்சேலை, கொலுசு, விளக்கு இருக்கிறது என்றேன்.

"எல்லாப் பெட்டிலயும் சேலயும் வெளக்கும்தான் ஈக்கி" என்றார்.

நாத்தனார் தெருவிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "குடும்பமாச் சேந்து அமுக்கப் பாக்குறீங்களா?" என்று கடைவீதியே கூடும்படி கத்தினேன். அவர் கேட்டது நியாயம் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லையே!

சத்தம் கேட்டு நானாவின் மனைவி பின்பக்கத்திலிருந்து வந்தார். நானா காய்ச்சலில் படுத்திருக்கிறாராம்.

"துண்டு வேணாம்னு சண்ட புடிச்ச தங்கச்சியான்னு அவர் கேக்குறார்" என்று என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்.

நான் போன பிறகு நானா அதை எழுதித் தன்னிடமே வைத்திருந்திருக்கிறார். மச்சான் வாங்கி உரக்கப் படித்தார். "தகரப் பெட்டி ஒன்று, கயிறு கட்டியது, மூடியில் நசுங்கல். இதற்கு நான் பொறுப்பு. காணாமல் போனால் என்னைக் கேட்க வேண்டும். இவர்கள் எனக்கு எதற்கும் கட்டுப்பட்டவர்கள் அல்ல."

"எங்க கைநாட்டு எங்க?" என்று கேட்டேன். காகிதம் என்றால் எங்கள் கட்டைவிரல் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை.

"உங்கட கைநாட்டு என்னத்துக்கு? பொறுப்பு எங்கட" என்றார் மச்சான்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நானா படுத்திருந்த அறை வாசலில் நின்று, "மன்னிச்சிக்கிங்க நானா, புத்தி கெட்டுப் பேசிட்டேன்" என்றேன்.

"பெட்டியத் தொறந்து பாத்துட்டுப் போங்கோ" என்று ஈனக் குரலில் பதில் வந்தது.

திறக்காமலே தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன். கல்யாணம் அந்தச் சேலையில்தான் நடந்தது.

இப்போதும் லயத்தில் யாராவது தோட்டம் மாறிப் போகும்போது சாமான் வைத்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் வருவார்கள். முதலில் மகளைக் கூப்பிட்டு ஒரு துண்டு எழுதச் சொல்வேன். அவர்கள் கட்டைவிரலை நீட்டினால் தள்ளிவிட்டு, என் கைநாட்டை மட்டும் வைத்து அவர்கள் கையில் கொடுப்பேன்.