இருபத்திரண்டாம் எண்ணில் இரண்டு மீட்டர்கள்

தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் தராசு. பதினேழு வருடங்களாகப் பரிசோதனை அறையில் உட்கார்ந்து "தேறியது", "தேறவில்லை" என்று இரண்டே வார்த்தைகளில் பலகைகளின் தலையெழுத்தை எழுதியவள். சொந்தக்காரி கையால் வந்த பலகையானாலும் முடியளவு விட்டுக்கொடுக்க மாட்டாள். அதில் அவளுக்கு அப்படி ஒரு கர்வம்.

சொந்தக்காரி என்று சும்மா சொல்லவில்லை. அவளுடைய நாத்தனாரும் அங்கேதான் வேலை பார்த்தாள். புருஷன் வீட்டை விட்டுக் கட்டின சேலையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். தராசுதான் சூப்பர்வைசரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டாள். ஆறு மாதம் தற்காலிகம். சனிக்கிழமையோடு அது முடிகிறது. வேலை நிரந்தரமானால் தனியாக ஓர் அறை பார்த்துக்கொண்டு போகலாம், யார் முகத்தையும் பார்த்துச் சாப்பிட வேண்டியதில்லை என்று அந்தப் பெண் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிகளில் சொட்டுமருந்து ஏற்றும் இயந்திரத்துக்கான மின்பலகைகள் அங்கே தயாராகின. ஒவ்வொன்றும் ஐந்து வோல்ட் கொடுக்க வேண்டும். பருப்பு அளவிலான ஒரு திருகைத் துளித்துளியாகத் திருப்பி அந்த ஐந்தைக் கொண்டுவருவது நாத்தனாரின் வேலை. ஐந்து புள்ளி பூஜ்யம் மூன்றைத் தாண்டிவிட்டால் தராசின் திரையில் சிவப்பு எரியும்.

தராசின் மேசையில் ஆறு கருவிகள். ஆறையும் கணினியையும் ஒரே தடித்த கேபிள் வரிசை இணைத்தது. ஒரு பிளக்கின் முதுகில் இன்னொரு பிளக்கை ஏற்றித் திருகிவிடலாம். அந்தக் கம்பியில் யார் பேசினாலும் எல்லோர் காதிலும் விழும். அதனால் ஓர் ஒழுங்கு. கணினி எந்த எண்ணைக் கூப்பிடுகிறதோ அந்த எண்ணுள்ள கருவி மட்டும் வாய் திறக்கும். மற்றவை பேசாமல் இருக்கும். எண்ணை வைப்பது கருவியின் பின்பக்கம், நகக்கண் அளவு சுவிட்சுகளில். புதிதாக எது வந்தாலும் முதலில் முதுகைப் பார், பிறகு மாட்டு என்று தராசே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள்.

திங்கட்கிழமை, அளவு சரிபார்க்கப் போயிருந்த இரண்டாவது வோல்ட்மீட்டர் திரும்பி வந்தது. அது வேறொரு பலகைக்கு எப்போதாவது தேவைப்படுவது. தினமும் பலகைகளை அளக்கும் முதல் மீட்டரின் அச்சு அசல். வாசலில் யாரோ கூப்பிட, பேசிக்கொண்டே அதன் பிளக்கை மேலே ஏற்றித் திருகிவிட்டாள். முதுகைப் பார்க்கவில்லை.

அன்று மதியமே சிவப்பு எரிய ஆரம்பித்தது. பத்துக்கு நான்கு.

"என்னம்மா, திருப்புளியப் பிடிக்கச் சொன்னா தொட்டில் ஆட்டுறியா?" என்று சூப்பர்வைசர் கேட்க, வரிசையே சிரித்தது.

"இல்ல சார், என் கைமீட்டர்ல அஞ்சு புள்ளி பூஜ்யம் ஒண்ணுதான் காட்டுது."

"உன் கைமீட்டருக்கு என் வயசு. அக்கா, நீங்க சொல்லுங்க."

தராசு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மெஷினுக்கு உறவு தெரியாது சார். அவ கை நடுங்குது. மனசு வேற எங்கயோ இருக்கு."

நாத்தனாரின் முகம் செத்துப்போனது. செவ்வாய்க்கிழமை அவளைத் திருகு மேசையிலிருந்து எழுப்பி அட்டைப்பெட்டி ஒட்ட அனுப்பினார்கள். "சனிக்கிழமை பேசிக்கலாம்" என்றார் சூப்பர்வைசர். அவர் அப்படிச் சொல்லி யாரும் ஞாயிறைத் தாண்டியதில்லை.

வீட்டில் அந்தப் பெண் சமையலறை விளக்கின் கீழ் விரல்களை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நடுங்குதா அண்ணே? பாருங்களேன்."

"உங்க அண்ணி சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றான் அவன், தட்டிலிருந்து நிமிராமல்.

புதன்கிழமை பக்கத்து மேசைக்காரர்கள் இரண்டாவது மீட்டரைக் கேட்டு வந்தார்கள். தராசு பிளக்கைக் கழற்றிக் கொடுத்தாள். சும்மா இருக்கிறோமே என்று ஒதுக்கி வைத்த பலகைகளை மறுபடி ஓட்டினாள். பச்சை. அடுத்ததும் பச்சை. முப்பத்தெட்டும் பச்சை.

எழுந்து ஓடி, அந்த மீட்டரைத் திருப்பி முதுகைப் பார்த்தாள். இருபத்திமூன்று இருக்க வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு, முதல் மீட்டரின் எண். போன இடத்தில் மாற்றியிருக்கிறார்கள். கணினி இருபத்திரண்டைக் கூப்பிட்டபோதெல்லாம் இரண்டும் சேர்ந்து பேசியிருக்கின்றன. உண்மையான மீட்டர் கடைசி இலக்கமாக ஒன்று என்றது. எதையும் அளக்காமல் கிடந்ததோ சில தடவை நான்கு என்று உளறியது. கம்பியில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கணினிக்கு ஐந்தாகக் கேட்டது. ஐந்து புள்ளி பூஜ்யம் ஐந்து. சிவப்பு!

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றான் பக்கத்து மேசைக்காரன்.

"ஒண்ணுமில்ல. தூசி."

தூசி என்று சொல்லிக்கொண்டே நகத்தால் அந்தச் சுவிட்சைத் தள்ளிவிட்டாள். இருபத்திமூன்று. அவ்வளவுதான். யாருக்கும் தெரியாது. பலகைகளை மறுபடி திருகியதாக எழுதிக் கணக்கை முடித்தாள். பதினேழு வருடப் பெயர் பிழைத்தது.

அன்று சாயங்காலம் அவள் செய்ததைச் சொல்ல என் பேனாவே கூசுகிறது. நாத்தனாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த விரல்களை மடியில் எடுத்து, தைலம் தேய்த்துவிட்டாள்.

"நரம்புத் தளர்ச்சியா இருக்கும் கண்ணு. சரியாயிடும்."

"எனக்கு அம்மா இருந்தாக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டாங்க அண்ணி. நான் உங்க பேரையும் கெடுத்துட்டேன்" என்று அந்தப் பெண் விம்மினாள்.

 வியாழக்கிழமையும் தராசு தேய்த்தாள். நிறுத்தினால் சந்தேகம் வருமே!

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் பெட்டி ஒட்டும் இடத்தின் பக்கமாகப் போனாள். நாத்தனார் பசைத் தூரிகையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஒற்றைக் கையை அவள் நம்பவில்லை. அதற்கு மேல் தராசால் தாங்க முடியவில்லை. மீட்டரைத் திரும்ப வாங்கிவந்து, சுவிட்சை இருபத்திரண்டுக்குத் தள்ளி, மாட்டிவிட்டு, எல்லோரையும் கூப்பிட்டாள்.

"சார், இந்தப் பலகை நல்ல பலகை. பாருங்க." சிவப்பு. பிளக்கைக் கழற்றினாள். பச்சை. மாட்டினாள், ஓட்டினாள், மூன்றாம் தடவை மறுபடியும் சிவப்பு. "அவ கை இல்ல சார். என் கண்ணு. நான் முதுகைப் பாக்கல."

சூப்பர்வைசர் சுவரில் ஒட்டியிருந்த விதியைப் பார்த்தார். பிறகு அவளை. "எப்பக்கா கண்டுபிடிச்சீங்க?"

இன்றைக்கு என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"புதன்கிழமை."

 நாத்தனார் கூட்டத்தின் பின்னாலிருந்து முன்னே வந்தாள். கையில் பசை காய்ந்திருந்தது.

"அப்போ தெரிஞ்சேதான் தைலம் தேய்ச்சீங்களா அண்ணி?"

  எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதுகூட தராசுக்கு உறைக்கவில்லை. அந்த ஒரு பெண் பார்ப்பதே போதுமாக இருந்தது.

சனிக்கிழமை நாத்தனாருக்கு நிரந்தர உத்தரவு வந்தது. தராசுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது; அது அவளுக்கு வலிக்கவே இல்லை. அடுத்த மாதமே அந்தப் பெண் ஓர் அறை பார்த்துக்கொண்டு போனாள். அண்ணன் பெட்டியைத் தூக்க வந்தபோது வேண்டாம் என்று தானே ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டாள்.

இப்போதும் தினம் பலகைத் தட்டைக் கொண்டுவந்து பரிசோதனை மேசையில் வைக்கிறாள்.

"முப்பது இருக்கு மேடம். எண்ணிக்கோங்க."

தராசு தலை நிமிராமல் எண்ணுகிறாள்.