பத்தரைக்கு மேல் ஒரு கையெழுத்து

தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் வசிக்கும் நோட்டரி நளினிக்குக் கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு மூன்றிலும் முத்திரை போட மத்திய அரசின் நியமனம் உண்டு. தங்கச் சுரங்கத்தை மூடியபின் தங்கவயல் குடும்பங்கள் பிழைப்பைத் தேடி இந்த மூன்று மாநிலங்களிலும் சிதறிவிட்டன. ஆனால் சுரங்கத் தொழிலாளருக்குக் கொடுத்திருந்த லைன் வீட்டைப் பெயர் மாற்ற எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும். வர முடியாதவர்களைத் தேடி நளினி போவாள். ஒரு நாள் ஆம்பூர், ஒரு நாள் ஆந்திரத்துக் குப்பம். முத்திரைக்கு முன்னால் பத்திரத்தைத் தமிழில் வாய்விட்டுப் படிப்பாள். ஆளைப் பார்க்காமலே முத்திரை குத்துகிற சிலர் இதைக் கிறுக்கு என்றார்கள். புரியாத தாளில் கையெழுத்து வாங்குவதைத் திருட்டு என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது.

அன்று சனிக்கிழமை. தங்கவயலிலேயே பாலகாட் பகுதியில் இருக்கும் உதய் வாடகைக் காரில் அவளைக் குப்பத்துக்கு அழைத்துப் போனான். அங்கே வாழ்க்கைப்பட்ட அவன் அக்கா சம்பங்கிக்கு மூட்டுவலி, வெளியே நடமாட முடியாது. இறந்துபோன அப்பாவின் வீட்டைத் தன் பெயருக்கு மாற்ற உதய்க்கு அவள் சம்மதம் வேண்டும்.

"பத்தரைக்கு மேல சீல் போடுங்க மேடம். அதுவரைக்கும் ராகுகாலம்" என்றான் வழியில்.

"சட்டத்துல ராகுகாலம் இல்லீங்க."

"உங்களுக்கு இல்ல மேடம். எனக்கு இருக்குது."

சம்பங்கி கண்ணாடி போட்டுப் பேனாவோடு தயாராக இருந்தாள். "எங்க போடணும் சொல்லு தம்பி. மேடத்துக்குக் காபி ஆறுது."

"முதல்ல படிச்சிடறேன்" என்றாள் நளினி.

"எல்லாம் சொல்லிட்டேன் மேடம்" என்றான் உதய். "கன்னடத்துல இருக்கறதப் படிச்சா அதுக்கு இன்னா புரியப்போவுது?"

"அதனாலதான் தமிழ்ல படிக்கறேன்."

மூன்றாவது பத்தியில் இப்படி இருந்தது: 'எனக்குரிய பங்கு முழுவதையும் என் திருமணத்தின்போதே பெற்றுக்கொண்டேன்.'

சம்பங்கி கண்ணாடியைக் கழற்றினாள். "இன்னாடா வாங்கிக்கினேன்?"

"அது சும்மாக்கா. எல்லாப் பத்திரத்துலயும் அப்டித்தான் எழுதுவாங்க."

"ஒரு டிரங்க் பெட்டி, ரெண்டு பொடவ. அதுல ஒண்ணு அம்மா கட்னது. வீட்ட நீயே வெச்சிக்கோ, நான் கேட்டனா? வாங்காதத வாங்கினேன்னு எழுதுவியா?"

"அந்த வரிய அடிச்சிடலாம் மேடம்" என்றான் உதய் அவசரமாக.

சம்பங்கி நளினியின் பக்கம் திரும்பினாள். "பங்குன்னு போட்டிருக்கே, எனக்குப் பங்கு இருக்குதா?"

உதய் நளினியையே பார்த்தான். கார் வாடகை அவன் கொடுப்பது, அவள் கூலியும் அவன் கொடுப்பது. முத்திரை போட வந்தவள் யோசனை சொல்லக்கூடாது. ஆனால் நேராகக் கேட்ட கேள்விக்குச் சட்டத்தில் இருப்பதைச் சொல்லலாம்.

"இருக்கு. வாரிசு நீங்க ரெண்டே பேர்தான்னா, சரிபாதி."

ஐம்பத்தெட்டு வயதுவரை இதைச் சம்பங்கியிடம் யாரும் சொன்னதில்லை. அவள் பேனாவை மூடினாள்.

"அப்போ இன்னிக்கு வேணாம்."

"அக்கா, நல்ல நேரம் போயிடும்."

"போவட்டும்டா."

பத்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு உதய் எழுந்து போனான். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. நளினி ரயிலில்தான் திரும்ப வேண்டும்.

"பாதி எனக்குன்னு யாரு எழுதித் தருவாங்க மேடம்?"

"நீங்களே ஒரு வக்கீலப் பாருங்க, உங்க தம்பியோட வக்கீல் வேணாம். எழுதினப்புறம் கூப்பிடுங்க, வந்து படிக்கறேன்."

சம்பங்கி கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

"எனக்குரிய பங்குன்னு வருதே, அந்த வரிய இன்னொரு தபா படிங்க."

நளினி படித்தாள்.