வாய்க்குள் வந்த கொப்புளம்

2003-ம் வருடம், முந்திரி சீசன். ஆண்டிமடம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் கொட்டை உடைப்பவர்களுக்குக் கொப்புளம் வருவது சகஜம். கொட்டையின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். அதனால் என் கணவருக்குக் காய்ச்சலோடு மார்பிலும் முதுகிலும் கொப்புளம் கிளம்பியபோது நான் அலட்டிக்கொள்ளவே இல்லை. "கொட்டை உடைச்ச கையால சொறிஞ்சிருப்பீங்க" என்று அதட்டி, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். அத்தனை மேதாவித்தனம்!

மூன்று வாரம் முன்புதான் அவருக்கு வலிப்பு வந்து, டவுன் டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். ஒருவேளைகூட விடக்கூடாது என்றிருந்ததால், காய்ச்சலிலும் நேரம் தவறாமல் அதைக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் கஞ்சிகூட இறங்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். நான் முந்திரிக் கதையை ஆரம்பித்ததும், நர்ஸம்மா அவர் வாயைத் திறந்து பார்த்தார். உள்ளேயும் கொப்புளம்.

"வாய்க்குள்ள எப்படிம்மா கொட்டை எண்ணெய் போச்சு? புதுசா என்ன மாத்திரை சாப்புடுறாரு?"

வலிப்பு மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். அது ஒத்துக்கொள்ளாமல்தான் இந்தக் கொப்புளம் என்று, மாத்திரையை அப்போதே நிறுத்தச் சொல்லி, ஒரு ஜீப் பிடித்துத் தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே அவரை வாழை இலையில் படுக்கவைத்தார்கள். கொப்புளம் உடைந்து தோல் உரிந்த இடங்களை, டாக்டர் என் கணவரின் உள்ளங்கை அளவை வைத்துக் கணக்கிட்டார். விரல்களோடு ஒரு கை அளவு என்றால் உடம்பில் நூற்றில் ஒரு பங்காம். வயது, நாடித்துடிப்பு, ரத்தத்தில் யூரியா, சர்க்கரை என்று பார்த்துப் பார்த்து மார்க் போட்டார்.

"மார்க் கூட வந்தா நல்லதுங்களா சார்?" என்று கேட்டேன்.

"இதுல கூடவே கூடாதும்மா. கூடக்கூட உசுருக்கு ஆபத்து."

தோல் கணக்கு எட்டுக் கை அளவில் இருந்தது. பத்தைத் தாண்டினால் இன்னொரு மார்க். மறுநாள் காலை அந்தக் கணக்கு ஒன்பதாகிவிட்டது. உரிந்த இடங்களை நானும் கண்ணாலேயே அளந்தபடி, தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றேன். அதற்கடுத்த நாளும் டாக்டர் எண்ணினார். ஒன்பதுதான். "நின்னுடுச்சும்மா" என்றார். வார்டு என்றும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன்.

ஒரு மாதத்தில் அவர் நடந்தே வீடு வந்தார். "நீ என்ன வேணும்னேவா பண்ண? வுடு புள்ள" என்றதோடு சரி, ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. இனி எந்த டாக்டரும் தெரியாமல் கொடுத்துவிடக் கூடாது என்று, அந்த மாத்திரையின் பெயரை எழுதி அவர் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். ஆனாலும், வேண்டாம் என்று முகத்தைத் திருப்பியவரை மிரட்டி, "விழுங்குங்க" என்று என் கையாலேயே கொடுத்த அந்த மூன்று நாட்களுக்காக இன்றும் நான் என்னை மன்னிக்கவில்லை.